எனக்கு வலிக்குதா அத்தை?

"மதினி, கை! வலது கை!"

மிளகுக் கொடிகளுக்கு அப்பாலிருந்து அந்தக் குரல் வந்த பிறகுதான் பொம்மி திரும்பிப் பார்த்தாள். அவளுடைய ஆறு வயது மகள் தும்பை, தாயின் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டிவிடும் தூரத்தில், அடுப்பிலிருந்து இறக்கி வைத்த இரும்புச் சட்டியின் விளிம்பில் உள்ளங்கையை ஊன்றியபடி எறும்புகளின் வரிசையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

பொம்மி பாய்ந்து மகளின் கையை இழுத்தாள். உள்ளங்கை முழுவதும் சிவந்திருந்தது.

"என்னம்மா?" என்றாள் தும்பை. எறும்புகளைப் பார்க்கவிடாமல் செய்ததில் அவளுக்குச் சற்றே வருத்தம்.

அதற்குள் சரிவிலிருந்து வேங்கி ஓடிவந்துவிட்டாள். வேங்கி, பொம்மியுடைய கணவனின் தங்கை. காயம் ஏதுமற்ற தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்து மார்போடு அணைத்திருந்தாள். கண்களில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. வந்த வேகத்தில் அவள் மண்டியிட்டுத் தும்பையின் உள்ளங்கையை மெல்லத் தொட்டாள்.

அடுக்கர் என்ற அந்த மலைமக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்கு அடிபட்டால், தாய் முதலில் தன் உடம்பில் அதே இடத்தைத் தொட்டுக்கொள்வாள். பிறகே பிள்ளையைத் தொடுவாள். உன் நோவில் முதல் பங்கு என்னுடையது என்பது அதன் பொருள். இதனை அவர்கள் முன்தொடல் என்றார்கள். அது தாய்க்கே உரிய பாத்தியதை. வேறொருத்தி செய்தால், தாய் இல்லாத பிள்ளையோ என்று கேட்பார்கள்.

வேங்கி அதை வழக்கத்துக்காகச் செய்யவில்லை என்பதும், மெய்யாகவே கை எரிந்ததால்தான் தன் கையைப் பற்றிக்கொண்டாள் என்பதும் பொம்மிக்கு நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும், நெஞ்சுக்குள் எதுவோ சுருண்டு படுத்தது.

தும்பை அத்தையின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"எனக்கு வலிக்குதா அத்தை?"

"வலிக்குது கண்ணு. கொஞ்சம்தான். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்."

"அப்ப நான் அழணுமா?"

"வேணாம். நான் அழுதுட்டேன்ல."

இருவரும் சிரித்தார்கள். பொம்மி சோற்றுக்கற்றாழை எடுத்துவர எழுந்து போனாள். அவள் போனதை இருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

*

அடுக்கர்களின் ஊரான மேலடுக்கத்தில், தும்பைக்கு இருந்த அந்த நோய்க்கு மரப்பு என்று பெயர். தலைமுறை தலைமுறையாகச் சில வீடுகளில் சில பிள்ளைகளுக்கு மட்டும் வந்தது. கை கால்களில் வலி என்பதே தெரியாது. நடப்பார்கள், சிரிப்பார்கள், மற்றப் பிள்ளைகளைவிடத் துணிச்சலாக மரமேறுவார்கள். பின்னர் ஒருநாள், எவரும் பார்க்காத ஒரு புண் உள்ளுக்குள் புரையோடிப் போயிருக்கும்.

பொம்மியின் மூத்த மகன் கடம்பன் அப்படித்தான் போனான். குதிகாலில் ஏறிய மூங்கில் சிம்போடு காடெல்லாம் ஓடித் திரிந்தான். காய்ச்சல் கண்ட பிறகே காலைத் திருப்பிப் பார்த்தார்கள். தும்பைக்கும் அதே மரப்பு என்று தெரிந்த நாளிலிருந்து, பொம்மி மகளின் பாதங்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் ஃபரீதா மலைக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். நகரத்து ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவர். எவரையும் 'வாங்க, போங்க' என்றே அழைப்பவர். முதலில் எல்லாருடைய இரத்தத்தையும் சோதித்தார். பிறகு சமுதாயக் கூடத்தில் பொம்மியையும் அவள் கணவன் சடையனையும் வேங்கியையும் உட்கார வைத்துப் பேசினார்.

"தும்பையோட தோலுக்கு அடியில மணல் மாதிரி சின்னச் சின்ன உணரிகளை வைப்போம். சூடு, வெட்டு, குத்து, எதுவானாலும் அதுக்குத் தெரிஞ்சுடும். ஆனா அதை அவ மூளைக்குச் சொல்ல வழியில்லை. நடுவுல இருக்கிற நரம்பு வேலை செய்யலை. அதனால வேறொருத்தர் நரம்புக்குச் சொல்லும். இந்தக் காப்பைப் போட்டுக்கிறவங்களுக்கு."

மேசைமேல் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் இருந்தது.

"மணி அடிக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சா போதாதுங்களா?" என்று சடையன் கேட்டான்.

"வேற ஊர்ல செஞ்சு பார்த்தோம். நாலு தடவை சும்மா அடிச்சா அஞ்சாவது தடவை யாரும் எழுந்திருக்கிறதில்லை. மணி அடிச்சா மனுஷன் யோசிப்பான். வலிச்சா ஓடுவான்."

"எனக்குப் போடுங்க," என்று பொம்மி மணிக்கட்டை நீட்டினாள்.

டாக்டர் அந்தக் கையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கெட்ட சேதி சொல்லும்போது அவர் செய்வது அது.

"மரப்பு வர்றதுக்கு அப்பா அம்மா ரெண்டு பேர் கிட்டேயும் அந்தக் குறை பாதி பாதி இருக்கணும். உங்களுக்கும் இருக்கு, அவருக்கும் இருக்கு. உங்க நரம்பு உங்க வேலைக்குப் போதும். காப்பு அனுப்புறது மட்டும் மங்கலாத்தான் கேட்கும். முள் குத்தினா தெரியாமலே போகலாம். அந்தக் குறை துளியும் இல்லாதவங்க வேணும். நெருங்கின இரத்த சொந்தமா இருந்தா இன்னும் நல்லது."

அப்போது எவரும் வேங்கியைப் பார்க்கவில்லை. அவளாகவே கையை நீட்டினாள்.

"நான் முழு தானே? எனக்குப் போடுங்கம்மா."

அந்தச் சொற்கள் இரத்தச் சோதனைக்குப் பிறகு மலையில் முளைத்தவை. குறை இல்லாதவர் 'முழு', குறையைச் சுமப்பவர் 'பாதி'. பெண் கேட்டு வருபவர்கள் குலத்தை விசாரிக்கும் முன்பே, முழுவா பாதியா என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். வேங்கி முழு என்று தெரிந்ததும் மூன்று வீடுகளிலிருந்து ஆள் வந்தது. அவர்களில் ஒரு வீட்டாருக்கு அவள் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான், தும்பை பாறையில் சறுக்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். வேங்கி அலறிச் செம்பைக் கைவிட்டாள். வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். காரணம் தெரிந்ததும் மரியாதையாக எழுந்து போய்விட்டார்கள். அடுத்தவள் பிள்ளைக்காக நட்டநடு வயலில் கத்துகிற மருமகளை எவர்தாம் விரும்புவார்?

வேங்கி அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. ஆனால் பொம்மி தனக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள்: அவளுக்குக் கல்யாணம் நின்றது, அதற்கு ஈடாக என் பிள்ளையை எடுத்துக்கொண்டாள்.

*

ஓடையில் துணி துவைக்கும் பெண்களின் வாய்க்கு வேலி கிடையாது.

"என்ன பொம்மி, உன் மக அத்தைகாரி பின்னாலயே திரியுது?"

"திரியாம? நோவு அவளுக்குத்தானே."

"பெத்தப்ப வந்த வலி மட்டும்தான் இவளுக்கு. மிச்சம் பூரா அவளுக்கு."

"அதுவும் பாதி வலியாத்தான் இருந்திருக்கும்," என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். பொம்மியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சடையனின் வேட்டியை அது கிழியும்வரை கல்லில் அடித்தாள்.

வீட்டிலோ சடையன், "கிழிஞ்சா என்ன, என் தங்கச்சிக்கு வலிக்கவா போகுது?" என்று தன் பங்குக்கு வேடிக்கை பேசினான். அன்று அவனுக்கு உப்பில்லாத களி கிடைத்தது.

பொம்மியைத் தின்றது ஓடைப் பேச்சன்று, மகளின் கண்கள். கீழே விழுந்தால் பிள்ளைகள் தாயின் முகத்தைத்தான் தேடும். தும்பை வேங்கியின் முகத்தைத் தேடினாள். தன் உடம்புக்கு என்ன நேர்ந்தது என்பதை அந்த முகத்தில்தான் அவளால் படிக்க முடிந்தது. வேங்கி முகம் சுளித்தால் நின்றாள். வேங்கி சிரித்தால் மறுபடி ஓடினாள். சுமந்து பெற்றவளின் முகமோ அவளுக்கு ஒன்றும் எழுதாத பலகைபோல் இருந்தது.

முதல் முறை அது தவறுதலாகத்தான் நடந்தது. ஒரு பிற்பகலில் மகளைக் குளிப்பாட்டியபோது, இடது காலின் சுண்டுவிரலில் ஒட்டிய பிசினைச் சுரண்டிய பொம்மியின் நகம் ஆழமாகப் பட்டுவிட்டது. தும்பை பாட்டு முனகிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில், வேங்கியின் வீட்டில், ஏதோ பாத்திரம் கீழே விழும் சத்தம் கேட்டது.

பொம்மியின் கை அசையாமல் நின்றது. பிறகு, ஏன் என்று தனக்கே சொல்லிக்கொள்ளாமல், அதே விரலை மீண்டும் கிள்ளினாள். சற்று அழுத்தி. பக்கத்து வீட்டில் ஒரு முனகல்.

பிள்ளைக்கு வலிக்கவில்லை. காயமும் இல்லை, ஒரு பிறைக்கோடு, சற்று நேரத்தில் மறைந்துவிடும். கிள்ளினால் கிள்ளின அளவுதானே வலிக்கும், அதனால் என்ன குடியா முழுகிவிடும் என்று பொம்மி தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். அவளுக்கென்று அந்த வீட்டில் கிடைத்த ஒரே பங்கு அது. தன் மகளின் வலியில் தன்னால் செய்யக்கூடிய ஒரே காரியம்.

அதன்பின் குளியல் நாள் தவறியதில்லை, கிள்ளலும் தவறியதில்லை.

வேங்கி கேட்பாள், சண்டைக்கு வருவாள் என்று பொம்மி எதிர்பார்த்தாள். சொல்லப்போனால், வர வேண்டும் என்று விரும்பினாள். ஆனால் வேங்கி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மாறாக, ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் ஈரக்கூந்தலோடு தும்பை வெளியே வரும் நேரம் பார்த்து, வாசலில் வந்து நின்று புன்னகையோடு கேட்பாள்:

"சோறு ஆச்சா மதினி?"

என்ன கொழுப்பு என்று பொம்மி பல்லைக் கடிப்பாள். கிள்ளு வாங்கிக்கொண்டு வந்து என் கையாலேயே தின்று எனக்கே பாடம் காட்டுகிறாள் என்று எண்ணுவாள். ஒரு சொல்லும் பேசாமல் தட்டை நகர்த்துவாள். வேங்கி சற்றே விந்தி விந்தி வந்து அமர்வதையும் நடிப்பென்றே முடிவுகட்டியிருந்தாள்.

*

பருவமழை ஓய்ந்ததும் டாக்டர் ஃபரீதா பொம்மியின் வீட்டுக்கே புதிய காப்பு ஒன்றைக் கொண்டுவந்தார்.

"இது பாதி நரம்புக்காரங்களுக்கும் கேட்கிற மாதிரி செஞ்சது," என்று அவர் சொல்லி முடிக்கும் முன்பே பொம்மி எழுந்து நின்றாள்.

"என் பிள்ளையோடது எனக்கு வேணும்மா."

சடையன் தயங்கினான். "வேங்கி பழகிட்டா. நீ ராத்திரி பகலா தாங்குவியா?"

"பத்து மாசம் தாங்கலையா?"

டாக்டர் வேங்கியின் பக்கம் திரும்பினார். "உங்க விருப்பத்தையும் கேட்கணும். உங்க உடம்புக்கும் ஓய்வு தேவைதான். ஆனா கட்டாயம் இல்லை."

வேங்கி பழைய காப்பின் கொக்கியைத் திருகினாள். அது கழன்ற இடத்தில் தோல் வெளிறி, வெயில் படாத ஒரு வளையமாக இருந்தது. காப்பை மேசைமேல் வைத்துவிட்டுத் தும்பையின் தலையைக் கோதினாள்.

"இனிமே அம்மாகிட்டக் கேளு கண்ணு."

அவ்வளவுதான். எவரையும் பார்க்காமல் வெளியேறிவிட்டாள். அவள் அழவில்லை என்பதில் பொம்மிக்குச் சற்று ஏமாற்றம்.

புதிய காப்பு மணிக்கட்டில் குளிர்ச்சியாக இருந்தது. டாக்டர் வெந்நீரில் முக்கிய கரண்டியைத் துடைத்துத் தும்பையின் புறங்கையில் லேசாக வைத்தார். பொம்மி துள்ளி எழுந்தாள். தன் புறங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோல் உரிந்திருக்கும் என்றே நினைத்தாள்.

"இவ்வளவு சூடாவா வச்சீங்க?"

"இல்லைங்க, இளஞ்சூடுதான். சின்னதைப் பெரிசாக்கித்தான் காப்பு அனுப்பும். வேலையா இருக்கும்போது ஒரு முள்ளைக்கூட நீங்க தவறவிட்டுடக் கூடாது பாருங்க. அவளுக்கு ஊசி குத்தினா உங்களுக்குக் கத்தி."

"வேங்கிக்கும் இப்படித்தானா?"

"ஆமா. தொடக்கத்திலிருந்தே. அவங்க சொல்லலையா?"

பொம்மி உட்கார்ந்தாள். டாக்டர் மேற்கொண்டு சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை. மகள் எழுந்து வெளியே ஓடியதையும் அவள் கவனிக்கவில்லை.

சற்று நேரத்தில் அவளுடைய இடது காலின் சுண்டுவிரலை எவரோ குறடு வைத்துப் பிடித்துத் திருகினார்கள்.

வலி விரலோடு நிற்கவில்லை; கெண்டைக்கால் வழியாக இடுப்புவரை ஏறியது. பொம்மி நாற்காலியோடு சாய்ந்தாள். சடையன் தாங்கிப் பிடித்தான். அவனை உதறிவிட்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டே வாசலுக்கு ஓடினாள். பாம்போ, பூரானோ, மூங்கில் சிம்போ. கடம்பனின் குதிகால் கண்முன் வந்து நின்றது.

தும்பை நாவல் மரத்தடியில் சப்பணமிட்டு அமர்ந்திருந்தாள். பாம்பும் இல்லை, சிம்பும் இல்லை. தன் சுண்டுவிரலைத் தானே கட்டைவிரல் நகத்தால் கிள்ளிக்கொண்டு, வேங்கியின் வீட்டை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொம்மி அவள் கையைப் பிடித்தாள். மூச்சு வாங்கியது.

"ஏன்டி கிள்ளிக்கிற?"

"அத்தையைக் கூப்பிடுறேன். வரவே மாட்டேங்குது."

"இப்படியா கூப்பிடுவாங்க? யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"நீதான்," என்றாள் தும்பை, இது தெரியாதா என்பதுபோல. "குளிக்கிறப்ப நீ கூப்பிடுவேல்ல, அது மாதிரி."

பொம்மி மகளின் விரலைப் பார்த்தாள்.

"நான் கூப்பிடுறேன்னு யாரு சொன்னா?"

"அத்தைதான். அம்மா ஏன் என் விரலைக் கிள்ளுதுன்னு நான் கேட்டேன். உங்கம்மா என்னைச் சோத்துக்குக் கூப்பிடுது, வாயால கூப்பிட வெக்கம், அதான் இப்படின்னு சொல்லுச்சு." தும்பை மீண்டும் அந்த வீட்டைப் பார்த்தாள். "உடனே வந்துரும்ல, எப்பவும்? சோறு ஆச்சா மதினின்னு கேட்டுக்கிட்டு. இன்னைக்கு ஏம்மா வரலை?"

நாவல் மரத்திலிருந்து ஒரு பழம் விழுந்து மண்ணில் கறையாக நசுங்கியது. பொம்மி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலில் வந்து நின்ற ஒவ்வொரு நாளும், விந்தலை மறைத்துச் சிரித்த ஒவ்வொரு சிரிப்பும், பேசாமல் நகர்த்திய ஒவ்வொரு தட்டும் அவள்முன் திரும்பி வந்தன. ஒரு தாயைப் பற்றி அவள் பிள்ளையிடம் சொன்ன பொய்யை, அந்தப் பிள்ளையின் கண்ணெதிரே மெய்யாக்கிக் காட்ட, ஒவ்வொரு முறையும் ஒருத்தி நொண்டிக்கொண்டு நடந்து வந்திருக்கிறாள்.

"அம்மா, எனக்கு வலிக்குதா?"

பொம்மி மகளைப் பார்த்தாள். முதல்முறையாக அந்தக் கண்கள் தன் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தன. இத்தனை காலம் அவள் ஏங்கிக் கிடந்தது இந்த ஒரு பார்வைக்காகத்தான்.

"வலிக்குது," என்றாள். "ரொம்ப வலிக்குது. இனிமே அந்த விரலைக் கிள்ளாதே."

"அப்ப அத்தையை எப்படிக் கூப்பிடுறது?"

"நான் போய்க் கூப்பிடுறேன்."

வேங்கி தன் வீட்டுப் பின்புறத்தில், பாறைமேல் கால்களை நீட்டி அமர்ந்திருந்தாள். கையில் வேலை ஏதுமில்லை. வெறுமையான மணிக்கட்டை மற்றொரு கையால் வருடிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"பிடுங்கினது போதாதா மதினி? இன்னும் என்ன?"

பொம்மி பாறைக்குக் கீழே, வேங்கியின் கால்மாட்டில் மண்ணில் அமர்ந்தாள். குனிந்து, தன் இடது காலின் சுண்டுவிரலைத் தொட்டாள். சற்று நேரம் அதைப் பிடித்தபடியே இருந்தாள். பிறகு அதே கையை நீட்டி, வேங்கியின் இடது காலின் சுண்டுவிரலைத் தொட்டாள்.

வேங்கி காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். பொம்மி விடவில்லை. கீழே ஓடையில் எவளோ எதற்கோ சிரிக்கும் சத்தம் மேலேறி வந்தது.

"நகத்தையாவது வெட்டியிருக்கலாம் நீ," என்றாள் வேங்கி.

"வெட்டுறேன்."

வேங்கி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பொம்மியின் மணிக்கட்டில் இருந்த புதுக் காப்பைப் பார்த்தாள். பிறகு, நாவல் மரத்தடியிலிருந்து இவர்களையே பார்த்துக்கொண்டு நின்ற தும்பையைப் பார்த்தாள். பிள்ளைக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தி, எப்போதும் கேட்பதைப் போலவே கேட்டாள்:

"சோறு ஆச்சா மதினி?"

"ஆச்சு," என்றாள் பொம்மி. "கூப்பிடத்தான் வந்தேன்."